டாலஸ் வீட்டுக்கு டொர்னேடோ ஷெல்டர்: தரைக்குள்ளா, தரைமேலா?

பிளேனோவாசி | 2025 பிப்ரவரி 8, காலை

டாலஸுக்கு வடக்கே பிளேனோவில் சொந்த வீடு. டொர்னேடோ, அதாவது சுழற்காற்று வந்தால் ஒதுங்க ஒரு ஷெல்டர் போட நினைக்கிறேன். 2006-இல் கட்டியது, இரண்டு மாடி, செங்கல் வீடு, பேஸ்மென்ட் கிடையாது. நாங்கள் நான்கு பேர். ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் இருப்பார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, கைப்பிடி இல்லாமல் படி இறங்க மாட்டார். கராஜ் தரையை வெட்டி உள்ளே இறக்கும் எஃகுப் பெட்டிக்கு விலை வாங்கியிருக்கிறேன். "ஃபீமா அப்ரூவ்டு, பூமிக்குள் இருப்பதுதான் சேஃப், ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார் விற்பவர். செங்கல் வீட்டுக்கு இது அவசியமா? அவசியமென்றால் தரைக்குள்ளா, தரைமேலா?

கம்பிகட்டி | பிப்ரவரி 8, மாலை

தம்பி, செங்கல் வீடு என்ற நம்பிக்கையை முதலில் கைவிடுங்கள். நம் ஊரில் 9 அங்குலச் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. இங்கே சுமப்பது மரச்சட்டம். செங்கல் அதற்கு வெளியே நிற்கும் ஓரடுக்குத் தோல். நடுவில் ஓர் அங்குலம் காற்று, அங்கங்கே மெல்லிய தகரப் பட்டைகளால் மரத்தோடு பிடித்திருக்கும். காற்று உறிஞ்சினால் அந்தத் தோல் மொத்தமாக உரிந்து புல்வெளியில் விழும். அதற்குப் பின்னால் மிஞ்சுவது ஓ.எஸ்.பி பலகையும் (மரச்சீவலை ஒட்டி அழுத்தியது) வெப்பம் தடுக்கும் பஞ்சும் ஜிப்சம் அட்டையும்தான். பறந்து வரும் ஒரு மரக்கட்டைக்கு இவை மூன்றும் சேர்ந்தாலும் தடை இல்லை.

அடுத்தது "ஃபீமா அப்ரூவ்டு". ஃபீமா என்பது அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு. அது எந்த ஷெல்டருக்கும் ஒப்புதலோ சான்றிதழோ தருவதில்லை. பி-320, பி-361 என்று வழிகாட்டிகள் வெளியிடுகிறது, அவ்வளவுதான். புயல் ஷெல்டர்களுக்கான தரநிர்ணயம் ஐசிசி 500. என்.எஸ்.எஸ்.ஏ என்பது ஷெல்டர் தயாரிப்பாளர்களின் சங்கம். ஆகவே விற்பவரிடம் இப்படிக் கேளுங்கள்: "ஐசிசி 500-இன் எந்த ஆண்டுப் பதிப்பின்படி? மோதல் சோதனை அறிக்கை எங்கே? கதவும் அதே சோதனையில் தேறியதா? என்.எஸ்.எஸ்.ஏ முத்திரை உண்டா?" பதிலாகக் காகிதம் வந்தால் மேலே பேசுங்கள். வாய்ப்பேச்சுதான் வருகிறது என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

அந்தச் சோதனை என்னவென்றும் தெரிந்துகொள்ளுங்கள். 15 பவுண்டு எடையுள்ள டூ-பை-ஃபோர் (இரண்டுக்கு நான்கு அங்குல) மரக்கட்டையைக் காற்றழுத்தப் பீரங்கியில் வைத்துச் சுவர்மேலும் கதவுமேலும் மணிக்கு 100 மைல் வேகத்தில் எய்கிறார்கள். கூரைக்கு 67 மைல். கட்டை ஊடுருவக் கூடாது, உள்பக்கம் சிதறக் கூடாது, கதவு திறந்துகொள்ளக் கூடாது. இந்தச் சோதனைக்குப் பேர்போன இடம் மேற்கு டெக்சாஸின் லபக் நகரில் உள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம். 1970 மே 11 அன்று லபக்கை டொர்னேடோ அடித்து 26 பேர் இறந்த பிறகு அங்கே தொடங்கிய ஆய்வு இது. டாலஸ், ஒக்லஹோமா வட்டாரத்துக்கு வடிவமைப்புக் காற்றுவேகம் மணிக்கு 250 மைல்.

அவசியமா என்றால், ஆம். சீசன் ஏப்ரல் முதல் ஜூன்வரை, அதாவது அப்பா அம்மா இங்கே இருக்கும் மாதங்கள். ஆனால் டாலஸை ஒட்டிய கார்லண்டை அடித்தது 2015 டிசம்பர் 26 மாலை. வடக்கு டாலஸை அடித்தது 2019 அக்டோபர் 20 இரவு. காலண்டரை நம்பி உட்கார முடியாது.

கம்பிகட்டி | பிப்ரவரி 8, இரவு

விட்டுப்போன ஒன்று. விலைக்குத் தலையாட்டும் முன் கராஜுக்குப் போய்த் தரையைப் பாருங்கள். ஓரத்திலோ வாசலருகிலோ கான்கிரீட்டில் "போஸ்ட்-டென்ஷன் ஸ்லாப், வெட்டாதே, துளைக்காதே" என்று முத்திரை பதித்திருக்கிறதா? 2006 வீடு, பிளேனோ என்கிறீர்கள். அநேகமாக இருக்கும்.

பிளேனோவாசி | பிப்ரவரி 9

இருக்கிறது அண்ணா. பெரிய கதவு ஓரமாக. இத்தனை வருடம் கண்ணில் பட்டதே இல்லை. விலை கொடுத்தவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கம்பிகட்டி | பிப்ரவரி 9

அப்படியானால் அவரிடம் வாங்க வேண்டாம். கேட்காமலே சொல்லியிருக்க வேண்டிய முதல் விஷயம் அது.

உங்கள் ஸ்லாப்புக்குள், அதாவது வீடு நிற்கும் கான்கிரீட் தளத்துக்குள், குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் கேபிள்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அரை அங்குலம், ஏழு இழை முறுக்கியது, பிளாஸ்டிக் உறைக்குள் கிரீஸ் போட்டது. கான்கிரீட் இறுகிய பிறகு ஒவ்வொன்றையும் ஜாக்கி வைத்துச் சுமார் 33,000 பவுண்டு இழுத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஸ்லாப் முழுவதையும் எந்நேரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான். நான்குக்கு ஏழு அடி ஓட்டை போட்டால் ஒன்றிரண்டாவது குறுக்கே வராமல் இருக்காது. ரம்பம் அதைத் தொட்டால் கேபிள் ஸ்லாப் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு பாயலாம், தரையைக் கிழித்து மேலே எழும்பலாம். அறுப்பவர் உயிர் பிழைத்தாலும் வீடு நிற்கும் தளம் இறுக்கத்தை இழந்துவிடும். அதுவும் இந்தக் கரிசல் களிமண்மேல். மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கும் மண் இது. அதற்காகத்தானே கேபிளே போட்டார்கள்.

முறையாகச் செய்ய வழி உண்டு. பொறியாளர் வரைபடம் போட்டு, கேபிளின் இழுவையைத் தளர்த்தி, வெட்டி, ஓட்டையின் இரண்டு பக்கமும் புதிய பூட்டு வைத்து மறுபடி இழுக்க வேண்டும். அந்தச் செலவு பெட்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஒரே நாளில் முடிகிற வேலையும் அல்ல.

நார்மன்_அக்கா | பிப்ரவரி 9

ஒக்லஹோமா பக்கத்திலிருந்து ஒரு சேர்க்கை. இங்கே கராஜ் தரைக்குள் இறக்குவது சர்வ சாதாரணம், ஸ்லாப் பெரும்பாலும் சாதாரணக் கம்பி போட்டது. அதனால் அந்த முறையே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கேபிள் ஸ்லாப்புக்குத்தான் இந்தத் தலைவலி.

தம்பி அம்மாவின் மூட்டுவலியைச் சொன்னார், அதைத் தாண்டி ஓடிவிட்டீர்கள். தரைக்குள் போகும் பெட்டியின் படி ஏணி மாதிரி செங்குத்து. மூடி பெரும்பாலும் காருக்கு அடியில் இருக்கும். சைரன் ஊதும்போது காரை வெளியே எடுக்க நேரமிருக்காது, பம்பருக்குக் கீழே குனிந்து நுழைய வேண்டும். இரவு ஒரு மணிக்குப் புடவையோடு அந்த அம்மா அதைச் செய்வாரா? முடியாதென்றால் அவரை விட்டுவிட்டு யாரும் உள்ளே இறங்கப் போவதில்லை. எல்லோருமே வெளியேதான் நிற்பீர்கள்.

இன்னொன்று, பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். காரில் கசிவு இருந்தால் ஆவி பள்ளத்தைத் தேடி இறங்கும், அதாவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு. மூடி கராஜ் தரைக்குச் சமமாக இருந்தால் தண்ணீரும் அதே வழியில் வரும். விளிம்பு கொஞ்சம் உயர்த்திய மாதிரியைக் கேட்க வேண்டும்.

கம்பிகட்டி | பிப்ரவரி 10

அக்கா சொன்னதுதான் சரியான தொடக்கப்புள்ளி. நான் மண்ணிலிருந்தும் கான்கிரீட்டிலிருந்தும் தொடங்கினேன். வீட்டில் மிக மெதுவாக நடப்பவரிடமிருந்து தொடங்கியிருக்க வேண்டும். எச்சரிக்கைக்கும் காற்றுக்கும் நடுவே சில சமயம் கால் மணி நேரம் கிடைக்கும், சில சமயம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

தோட்டத்தில் புதைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து: ஆலங்கட்டியில் நனைந்துகொண்டு 40 அடி போக வேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மிதப்பு. 4 × 7 × 5 அடிப் பெட்டியின் கனஅளவு 140 கனஅடி. ஒரு கனஅடி தண்ணீர் 62.4 பவுண்டு. சுற்றியுள்ள மண் ஊறிவிட்டால் பெட்டியை 8,700 பவுண்டு மேலே தள்ளும். எஃகுப் பெட்டி 2,000 பவுண்டு என்று வையுங்கள், படகு மாதிரி எழும்பிவிடும். அதனால்தான் சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி, கீழே அதைப் பிடிக்கும் காதுகள் வெல்டிங் செய்திருக்க வேண்டும். "மண் போட்டு மூடினால் போதும்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

உங்களுக்குத் தரைமேல் நிற்கும் எஃகு அறை. கராஜுக்குள், சமதரையில், நடந்து உள்ளே போவது மாதிரி.

பிளேனோவாசி | பிப்ரவரி 10

பூமிக்குமேல் ஒரு தகரப் பெட்டிக்குள் நிற்பதா? மனசு கேட்கவில்லை அண்ணா.

கம்பிகட்டி | பிப்ரவரி 15

எல்லோருக்கும் வரும் பயம்தான், நியாயமானதும்கூட. எண்ணில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மணிக்கு 250 மைல் காற்றின் அழுத்தம்: மைல் வேகத்தை அழுத்தமாக மாற்றும் எண்ணான 0.00256-ஐ 250-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 160. ஒரு சதுர அடிக்கு 160 பவுண்டு. அறை 4 அடி அகலம், 8 அடி நீளம், 7 அடி உயரம் என்று வைப்போம். கூரை 32 சதுர அடி, மேல்நோக்கிய உறிஞ்சல் 5,120 பவுண்டு. அறையின் எடை 2,000. மிச்சம் 3,120 பவுண்டு. அறையைக் கான்கிரீட்டோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் சுற்றி 14 போட்டால் ஒன்றுக்கு 223 பவுண்டுதான் வருகிறது. ஒரு நல்ல ஆங்கர் இதைத் தாராளமாகத் தாங்கும்.

சுவர் கால் அங்குல எஃகு, அல்லது அதைவிட மெல்லிய தகடும் உள்ளே சட்டமும். கட்டைச் சோதனையில் தேறியிருந்தால் சுவரைப் பற்றிக் கவலை வேண்டாம். 2013 மே 20 அன்று ஒக்லஹோமாவின் மூர் நகரை இஎஃப்5 (அளவுகோலில் உச்சம்) டொர்னேடோ அழித்தபோது 24 பேர் இறந்தார்கள். அதன் பாதையில் முறையாக நிறுவியிருந்த தரைமேல் அறைகள் நின்றன. சுற்றி இருந்த வீடுதான் இல்லை.

நார்மன்_அக்கா | பிப்ரவரி 15

கணக்கில் பாதிதான் போட்டிருக்கிறீர்கள், தம்பி. கூரையை மட்டும் பார்த்தீர்கள், பக்கவாட்டில் தள்ளுவது எங்கே? 8 × 7 சுவர், 56 சதுர அடி, 160-ஆல் பெருக்கினால் 8,960 பவுண்டு. அது அறையின் பாதி உயரத்தில், மூன்றரை அடியில் தள்ளும். 4 அடி அகலப் பெட்டி பீரோ சாய்கிற மாதிரி சாயப் பார்க்கும்.

கம்பிகட்டி | பிப்ரவரி 16

அக்கா சொன்னது சரி. 223 பவுண்டு என்ற எண்ணை யாரும் குறித்துவைத்திருந்தால் அடித்துவிடுங்கள். மறுபடி போடுகிறேன்.

எதிர்ப்பக்கக் கீழ் விளிம்பைக் கீலாக வைத்தால்:
சாய்க்கும் திருப்பம் 8,960 × 3.5 = 31,360.
கூரை உறிஞ்சல் 5,120 × 2 = 10,240.
எடை காப்பாற்றுவது 2,000 × 2 = 4,000.
மிச்சம் 37,600 அடி-பவுண்டு.

இதைத் தாங்குவது காற்று அடிக்கும் பக்கத்துப் போல்ட் வரிசை, 4 அடி தூரத்தில். 37,600-ஐ 4-ஆல் வகுத்தால் 9,400 பவுண்டு. நீளப்பக்கத்தில் 5 போல்ட் என்றால் ஒன்றுக்கு 1,880. முதலில் சொன்னதைப்போல எட்டு மடங்குக்கும் மேல். மூலைகளுக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள குணகங்களைப் பொறியாளர் சேர்ப்பார், அப்போது இன்னும் ஏறும். அதுபோக பக்கவாட்டில் நறுக்கப் பார்க்கும் 8,960 பவுண்டு விசையும் அதே போல்ட்டுகள்மேல்தான்.

இதிலிருந்து இரண்டு விஷயம். குறுகலான அறையைவிட அகலமான அறை நல்லது. 4-ஐ 6 அடியாக்கினால் போல்ட்டின்மேல் வரும் இழுவை குறையும். இரண்டாவது, ஆங்கர்தான் உயிர். பெட்டியின் எடை வெறும் ஆறுதல்.

கம்பிகட்டி | பிப்ரவரி 16, இரவு

ஆங்கர் வேலை எங்கே கெட்டுப்போகிறது என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நிறுவும் நாளில் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றால் பாதித் தப்பு நடக்காது.

உங்களுடையது கேபிள் ஸ்லாப். துளை போடும் முன்பு தரை ஊடுருவும் ரேடாரை உருட்டி, கேபிள் போகும் வழியைத் தரையில் மெழுகுக் கோலால் கோடு போட வேண்டும். "மேலோட்டமாகத்தானே துளைக்கிறோம்" என்பார்கள். ஸ்லாப்பே 4, 5 அங்குலம். கேபிள் நடுவாக்கில் கிடக்கும். ஆங்கர் துளையும் அங்கேதான் போய் நிற்கிறது.

ஸ்லாப் குறைந்தது மூன்றரை அங்குலக் கனமும் உள்ளே வலுவூட்டலும் இருக்க வேண்டும். விளிம்புக்கு மிக அருகே துளை போட்டால் போல்ட் அறுபடாது, கான்கிரீட் கூம்பாகப் பெயர்ந்து வந்துவிடும். ஆகவே தயாரிப்பாளர் வரைபடத்தில் உள்ள விளிம்புத் தூரத்தைக் கராஜ் சுவரோரத்தில் அளந்து பாருங்கள். விரிசல் ஓடும் இடத்திலும் போடக் கூடாது.

வெட்ஜ் ஆங்கர் (துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) என்றால் துளையின் விட்டமும் போல்ட்டின் விட்டமும் ஒன்று. ஆடிப்போன டிரில் துளையைப் பெரிதாக்கும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சால்தான் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்); இம்பாக்ட் துப்பாக்கியால் அடித்துவிட்டு "டைட்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். பசை ஆங்கர் என்றால் துளைக்குள் ஊது, கம்பித் தூரிகையால் தேய், மறுபடி ஊது. தூசி மிஞ்சினால் பசை தூசியைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. குளிர்நாளில் இறுகும் நேரம் நீளும், டியூப்பில் போட்டிருக்கும்.

வழியில் கம்பியோ கேபிளோ வந்து ஒரு துளையைக் கைவிட்டால், அதை ஒட்டியே இன்னொன்று போடக் கூடாது. அந்தப் போல்ட்டை விட்டுவிட்டு மேலே போவதும் கூடாது. எங்கே நகர்த்துவது என்று தயாரிப்பாளரின் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும்.

அறையை வீட்டுச் சுவரோடு சேர்த்துத் திருகாதீர்கள். பலம் என்று தோன்றும். வீடு பறக்கும்போது அறையையும் சேர்த்து இழுக்கும்.

மெக்கின்னி_மாமி | பிப்ரவரி 22

எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒரு குளோசெட் இருக்கிறது. அதையே பலப்படுத்திவிட்டால் என்ன? கராஜில் இடமே இல்லை, கொலுப்படியும் அரிசி மூட்டையுமாக நிற்கிறது.

கம்பிகட்டி | பிப்ரவரி 22

முடியும் மாமி. பி-320 வழிகாட்டியில் இதற்கான வரைபடங்கள் இலவசமாகவே இருக்கின்றன: மரச்சட்டம், அதன்மேல் முக்கால் அங்குல பிளைவுட் இரண்டு அடுக்கு, கூடவே 14 கேஜ் எஃகுத் தகடு (கேஜ் என்பது தகட்டின் கன அளவு). கான்கிரீட் பிளாக் என்றால் 8 அங்குலக் கல், எல்லாக் குழியிலும் கம்பியும் கான்கிரீட்டும். ஆனால் படிக்குக் கீழே மூன்று சிக்கல். மேலே இருக்கும் படியைக் கூரையாக நம்பக் கூடாது, தனி மேற்கூரை வேண்டும். சட்டத்தின் கீழ்க்கட்டையை ஸ்லாப்போடு பிடிக்கும் ஆங்கர் புதிதாக வேண்டும், அங்கேயும் ரேடார்தான். மூன்றாவது கதவு. இருக்கும் அட்டைக் கதவைக் கழற்றினால் நிலைச்சட்டமும் மாற வேண்டும், அகலம் பெரும்பாலும் பற்றாது. அரைகுறையாகப் பலப்படுத்திய குளோசெட் வெறும் குளோசெட்டைவிட மேல்தான், ஆனால் அதைச் சேஃப் ரூம் என்று சொல்லாதீர்கள்.

கொலுப்படியை நகர்த்த முடிந்தால் எஃகு அறைதான் எளிது. அறை வந்த பிறகு அதே படிகள் அதற்குள் போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிட முக்கியம். மே மாதத்தில் நிறைந்திருக்கும் ஷெல்டர் வெறும் அலமாரி.

கம்பிகட்டி | மார்ச் 1

கதவைத் தனியாக எழுத வேண்டும். சுவர் துளைபட்டு அறை தோற்பது அரிது, கதவுதான் தோற்கும்.

தாழ்ப்பாள் மூன்று, கீல் மூன்று, இதற்குக் குறைந்து எதையும் பார்க்க வேண்டாம். தாழ்ப்பாள் மேலே, நடுவே, கீழே பிடிக்க வேண்டும். நடுவில் ஒன்றே ஒன்று போட்ட கதவு மூலையிலிருந்து காகிதம்போல் மடங்கித் திறக்கும். கதவுப்பலகை, நிலை, கீல், தாழ் எல்லாம் ஒரே செட்டாகச் சோதிக்கப்பட்டவை. எஃகுக் கதவு ஒன்றைத் தனியே வாங்கி, கடையில் கிடைக்கும் டெட்போல்ட்டை மாட்டினால் சோதனை அறிக்கை செல்லாது. "14 கேஜ் கதவு சார்" என்பது பலகையின் கனத்தை மட்டும் சொல்கிறது, தாழ்ப்பாளைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

கதவு உள்பக்கம் திறப்பதையே எடுங்கள். வெளியே திறந்தால், இடிபாடு சாய்ந்த பிறகு தள்ள முடியாது.

நார்மன்_அக்கா | மார்ச் 2

உள்பக்கம் திறக்கும் கதவு 4 அடி அறையில் பாதி இடத்தைத் துடைத்துக்கொண்டு வரும். ஆறு பேர் நிற்கும்போது மூடவே முடியாமல் போனால்? நகரும் கதவு இருக்கிறதே.

கம்பிகட்டி | மார்ச் 2

இடம் சிறிதென்றால் நேற்று எழுதியது பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். வரிசையை இப்படி மாற்றுகிறேன்: கராஜில் நகரும் கதவு முதலில், அறை பெரிதென்றால் உள்திறப்பு. வெளித்திறப்பை எடுத்தால், உள்ளிருந்து கழற்றும் அவசரத் திறப்பு வேறு சுவரில் இருக்க வேண்டும், உள்ளே ஒரு 2 டன் பாட்டில் ஜாக்கியும் கட்டையும் நிரந்தரமாக இருக்க வேண்டும். நகரும் கதவின் தண்டவாளத்தில் மண்ணும் குழந்தைகளின் சின்னப் பொம்மையும் சேரும், மாதம் ஒருமுறை துடைத்தாக வேண்டும்.

அளவு: ஒன்றிரண்டு குடும்ப வீட்டுக்கு டொர்னேடோ ஷெல்டரில் தலைக்கு 3 சதுர அடி என்பது ஐசிசி 500-இன் குறைந்தபட்சம். ஆறு பேருக்கு 18. அது எல்லோரும் ஒட்டி நிற்கும் கணக்கு. அம்மாவுக்கு நாற்காலி வேண்டும், அவருக்கு மட்டும் 10 சதுர அடி ஒதுக்குங்கள். 6 × 6 அடி வசதியாக இருக்கும், சாய்வுக் கணக்குக்கும் நல்லது.

மாஸ்கிங் டேப் வாங்கி, இரண்டு காரும் உள்ளே நிற்கும்போது அந்தச் சதுரத்தைத் தரையில் ஒட்டுங்கள். கார்க் கதவு திறந்தால் அறைக் கதவு திறக்கிறதா? சமையலறையிலிருந்து கராஜுக்கு இறங்கும் படியில் கைப்பிடி இருக்கிறதா? வாட்டர் ஹீட்டரையும் கேஸ் குழாயையும் ஒட்டி வைக்காதீர்கள்.

பிளேனோவாசி | மார்ச் 9

டேப் ஒட்டிப் பார்த்தேன். ஒரு கார் வெளியே நிற்க வேண்டியதுதான், பரவாயில்லை. படியில் கைப்பிடி இல்லை, போடச் சொல்லிவிட்டேன். மானியம் ஏதாவது உண்டா? நண்பர் ஒருவர் "எதற்கு இவ்வளவு செலவு, வானிலை ரேடாரைப் பார்த்துக் காரில் கிளம்பிவிடலாமே" என்கிறார்.

கம்பிகட்டி | மார்ச் 9

நண்பரின் யோசனையை இங்கேயே நிறுத்துங்கள். கார்லண்டில் 2015-இல் இறந்தவர்களில் பெரும்பாலோர் காரில் இருந்தவர்கள். 2013 மே 31-இல் ஒக்லஹோமாவின் எல் ரீனோ டொர்னேடோ 2.6 மைல் அகலம். காரில் தப்பப் பார்த்தவர்களால் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. அன்று மழைநீர்க் குழாய்களுக்குள் ஒதுங்கியவர்களில் சிலர் வெள்ளத்தில் போனார்கள். பாலத்துக்கு அடியிலும் நிற்கக் கூடாது, காற்று அங்கே குறுகி வேகம் கூடும்.

மானியம்: வட மத்திய டெக்சாஸ் கவுன்சில் ஆஃப் கவர்ன்மென்ட்ஸ் (உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு) சேஃப் ரூம் தள்ளுபடித் திட்டம் நடத்திவந்தது, இப்போது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஒக்லஹோமாவில் சூனர்சேஃப் என்ற மாநிலத் திட்டம், அங்கே குலுக்கல் முறை. இரண்டிலும் ஒரே விதி: அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் வேலை தொடங்கினால் பணம் கிடையாது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். அதற்காக இந்த சீசனைத் தள்ளிப்போடலாமா என்பது உங்கள் முடிவு. அம்மா ஏப்ரலில் வருவதால் நான் காத்திருக்க மாட்டேன்.

நகரத்தில் பர்மிட் வேண்டும், எச்.ஓ.ஏ (குடியிருப்பு வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அவர்களிடமும் ஒரு கடிதம்.

ஹூஸ்டன்காரன் | மார்ச் 12

எங்களுக்கு ஹரிக்கேன், கடலிலிருந்து வரும் புயல். இதே பெட்டி போதுமா?

கம்பிகட்டி | மார்ச் 12

போதாது. டொர்னேடோ நிமிடக் கணக்கு, ஹரிக்கேன் மணிக்கணக்கு. குறைந்தபட்சமே தலைக்கு 7 சதுர அடி. தரைக்குள் இறக்குவதை மறந்துவிடுங்கள். கடல் ஏறும் பகுதியில் வீடு இருந்தால் எந்த அறையும் வேண்டாம், வெளியேறச் சொன்னால் வெளியேறுங்கள். இரும்புப் பெட்டி காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தடுக்காது.

கம்பிகட்டி | மார்ச் 22

அறைக்குள் என்ன வைப்பது என்று மாமி கேட்டிருந்தார். தண்ணீர், டார்ச், விசில், மருந்துகளின் மூன்று நாள் பங்கு, பாஸ்போர்ட் நகல். இவற்றுக்கு முன்னால் செருப்பு அல்ல, ஷூ. வெளியே வரும்போது தரை முழுக்க ஆணியும் கண்ணாடியும். ஒவ்வொருவருக்கும் சைக்கிள் ஹெல்மெட், அம்மாவுக்கும்தான். புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் கேனும் பெயின்டும் உள்ளே கூடாது.

எஃகு அறைக்குள் செல்போன் சிக்னல் சரியாக வராது. பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்றைப் படுக்கையறையில் வையுங்கள், கையோடு எடுத்துப் போகலாம். உங்கள் வட்டார எச்சரிக்கைக்கு மட்டும் ஒலிக்க அதில் ஒரு குறியீட்டைப் பதிய வேண்டும். பிளேனோ இருக்கும் காலின் கவுண்டிக்கு அது 048085. புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால் டென்டன் 048121, டாலஸ் 048113 இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். தெருச் சைரன் வெளியே இருப்பவர்களுக்கானது, ஏசி ஓடும் அறையில் தூங்குபவரை எழுப்பாது. 2024 மே 25 இரவு டென்டனுக்கு வடக்கே வேலி வியூ பக்கம் ஏழு பேர் இறந்ததும் இருட்டில்தான்.

அறை இருக்கும் இடத்தைத் தீயணைப்புத் துறையிடம் பதிய முடியுமா என்று கேளுங்கள். மூர், ஒக்லஹோமா சிட்டியில் பதிவேடே உண்டு. வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு உறவினருக்கும் "கராஜ், வடக்குச் சுவர்" என்று எழுதி வைத்துவிடுங்கள்.

ஷெல்டர் வாங்க முடியாதவர்களுக்கு ஒன்று. கராஜ் பெரிய கதவு உள்ளே மடிந்ததும் காற்று புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்குகிறது. மூர் நகரம் 2014-இல் கட்டிட விதியை 135 மைல் காற்றுக்கு உயர்த்தியபோது பலமான கராஜ் கதவையும் சேர்த்தது அதற்காகத்தான். பழைய கதவுக்குக் குறுக்குச் சட்டம் போடுவது பெரிய செலவில்லை. உயிர் காக்கும் அறையாகாது, சின்ன டொர்னேடோவில் வீட்டைக் காப்பாற்றலாம்.

பிளேனோவாசி | ஏப்ரல் 5

நேற்று நிறுவிவிட்டார்கள், 6 × 6, நகரும் கதவு. ரேடார் போட்டார்கள், மெழுகுக் கோடு இன்னும் தரையில் இருக்கிறது. 16 துளையில் ஒன்று கேபிள் கோட்டிலிருந்து இரண்டு அங்குலத்தில் வந்ததால் விட்டுவிட்டு "பதினைந்தே போதும்" என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

கம்பிகட்டி | ஏப்ரல் 5

நல்ல வேலை செய்தீர்கள். அந்தத் துளை மூலையிலா, நடுவிலா என்று படமெடுத்துத் தயாரிப்பாளருக்கு நேரடியாக அனுப்புங்கள். மூலை என்றால் சாய்வில் முதலில் இழுபடுவது அதுதான். மாற்றுத் துளையின் இடம் வரைபடமாகவே வர வேண்டும். மீதிப் பதினைந்தையும் டார்க் ரெஞ்சு வைத்து உங்கள் கண்முன் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், எண்ணை எழுதி வாங்குங்கள்.

அம்மா வந்த மறுநாள் பகலிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள்: படுக்கையிலிருந்து நாற்காலிவரை எத்தனை நொடி என்று. விளக்கை அணைத்துவிட்டு இன்னொருமுறை. கடைசியாக அவரை உள்ளே உட்காரவைத்து, நீங்கள் எல்லோரும் வெளியே நின்று, கதவை அவரே இழுத்து மூன்று தாழ்ப்பாளையும் போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். மேல் தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டவில்லை என்றால் ஒரே பிடியில் மூன்றும் நகரும் நெம்புகோல் அந்த மாதிரிக்கு உண்டா என்று, மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.